கிணத்துத் தண்ணி... கண்ணுக்குச் சுத்தமா இருந்தா போதுமா?

‘‘எங்க தாத்தா வெட்டின கிணறுங்க. தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். அதைப் போய் டெஸ்ட் பண்ணணுமா?’’

சொந்தக் கிணறோ, போர்வெல்லோ உள்ள வீடுகளில் இப்படித்தான் கேட்கிறார்கள். தாத்தா கிணறு வெட்டியபோது பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்காது. நிலமும் இத்தனை உரத்தைக் கண்டிருக்காது. ஊர்க் குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் போட, சோதித்துப் பார்க்க ஆள் உண்டு. உங்கள் கிணற்றுக்கு? நீங்கள்தான்!

தெளிவும் ருசியும் சர்டிபிகேட் ஆகாது. தண்ணீரைக் கெடுப்பவை முக்கியமாக ரெண்டு வகை. அதனால் டெஸ்ட்டும் ரெண்டு.

கிருமி டெஸ்ட்

மலத்திலிருந்து வரும் ‘இ-கோலி’ பாக்டீரியா தண்ணீரில் இருக்கிறதா என்று பார்ப்பது இது. நம் நாட்டுக் குடிநீர்த் தர விதிப்படி (ஐ.எஸ். 10500), 100 மில்லி தண்ணீரில் இது ஒன்றுகூடத் தென்படக் கூடாது. இருந்தால், கழிவு எங்கிருந்தோ கிணற்றில் கலக்கிறது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று எதுவும் பின்னாலேயே வரலாம்.

கெமிக்கல் டெஸ்ட்

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை ஃப்ளோரைடும் நைட்ரேட்டும்.

பாறையிலிருந்து கரைந்து வருவது ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை அனுமதி. அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்து வளரும் குழந்தைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அளவு ரொம்பவும் மிஞ்சினால் பெரியவர்களுக்கும் எலும்பு, மூட்டு இறுகிப்போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்தத் துன்பம் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருவது நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். உயிருக்கே ஆபத்து!

‘‘காய்ச்சித்தானே குடிக்கிறோம்?’’

நல்லது. கொதித்தால் கிருமி சாகும். ஆனால், ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். சிலர் வீட்டுக்கே வந்து மீட்டரை முக்கி ‘டி.டி.எஸ்.’ நம்பர் காட்டுகிறார்களே? அது கரைந்த உப்புகளின் மொத்த அளவு மட்டும்தான். கிருமியைப் பற்றி அது மூச்சே விடாது!

எங்கே, எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கட்டணம் உண்டு. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* கெமிக்கல் டெஸ்ட்டுக்கு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூணு முறை அலசி, நிரப்பி மூடுங்கள்.

* கிருமி டெஸ்ட்டுக்கு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசாதீர்கள். வாயிலும் மூடியின் உட்பக்கமும் விரல் படக் கூடாது. குழாய் என்றால் ரெண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் கூடியவரை ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

* பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு சாம்பிள் எடுத்தால் உண்மை தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு டெஸ்ட்டும் செய்யுங்கள். மழைக்காலம் முடிந்ததும், வெள்ளம் வடிந்ததும் கிருமி டெஸ்ட் கட்டாயம்.

ரிசல்ட் சரியில்லையா?

கிருமி இருந்தால், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்க வேண்டாம். ஆனால், கழிவு கசியும் வழியை அடைக்காவிட்டால் கிருமி திரும்பவும் வரும். கைப்பிடிச் சுவர், மூடி, சுற்றிலும் சிமென்ட் தளம் அவசியம். செப்டிக் டேங்க் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். பிறகு மறுபடி டெஸ்ட். அதுவரை காய்ச்சியே குடியுங்கள்.

ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ அதிகமென்றால், குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். ஆர்.ஓ. மெஷின் வைத்தால், அதிலிருந்து வரும் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். குளிக்க, துவைக்க அதே கிணறு போதும்.

ரிசல்ட் பேப்பரை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.