நன்னீர்க் கூனி இறால்களைச் சிறு மீன்களோடு தொட்டியில் வளர்த்தல்

நெல்வயல் வாய்க்கால்களிலும் குளத்தின் ஓரத்துப் புற்களிடையிலும், கண்ணாடியைப் போன்று ஒளி ஊடுருவும் உடலையுடைய சிறு இறால்கள் கூட்டமாகத் திரிவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இவை கறிக்கு உதவும் பெரிய இறாலின் குஞ்சுகள் அல்ல. முற்றி வளர்ந்த நிலையிலும் ஓரங்குல அளவைத் தாண்டாத தனி இனங்களாகும். கரிடினா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவற்றுட் சில இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை. பாசியையும், அழுகும் இலையையும், மீன் தின்றெஞ்சிய இரையையும் பொறுக்கியுண்டு வாழும் இவ்வகை இறால்களை, சிறு மீன்கள், நத்தைகள் ஆகியவற்றோடு ஒரே தொட்டியில் வளர்த்தல் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. விறாந்தையில் இரண்டடி நீளமான தொட்டி ஒன்றை வைக்க இடமுள்ள எவரும் இதனைச் செய்யலாம். ஆயின் பயிருக்கு மருந்து தெளிக்கும் வீட்டில் இதனைச் செய்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். இத்துண்டுப் பிரசுரத்தின் பெரும்பகுதி அதனைப் பற்றியதே.

எந்த இறால்?

வாய்க்காலிற் பிடித்த இறாலைத் தொட்டியில் விடுவதே எளிதெனத் தோன்றும். ஆயின் அவற்றுட் பல இனங்களின் குஞ்சுகள், பொரித்தவுடன் நீரோட்டத்தோடு சென்று உவர்நீரில் வளர்ந்த பின்னரே நன்னீருக்குத் திரும்புவன. அவ்வினங்கள் தொட்டியில் முட்டை சுமப்பினும் பெருகமாட்டா. மலைநாட்டு ஓடைகளில் வாழும் அருகிய இனங்களை எக்காரணங்கொண்டும் பிடித்தல் ஆகாது.

தொடக்கத்துக்கு ஏற்றது, கடைகளிற் செர்ரி இறால் என விற்கப்படும் செந்நிற இனமாகும். இதன் தாயகம் சீனமும் தைவானும் அவற்றைச் சூழ்ந்த நாடுகளுமாம். பெண் ஏறக்குறைய மூன்று சதமமீற்றர் வளரும். ஆண் சிறியது, நிறமும் மங்கியது. பெண் இருபது முதல் முப்பது வரையான முட்டைகளை வயிற்றின் அடியிலுள்ள நீந்துகால்களிடையே மூன்று நான்கு வாரங்கள் சுமந்து, அக்கால்களை ஓயாது விசிறி அவற்றுக்குக் காற்றூட்டும். பொரித்து வரும் குஞ்சு தாயின் உருவத்தையே இரண்டு மில்லிமீற்றர் அளவிற் கொண்டிருக்கும். இதற்கு உவர்நீர் வேண்டியதில்லை. இரண்டரை மூன்று மாதங்களில் அக்குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கும். பத்துப் பதினைந்து இறால்களோடு தொடங்கினால் ஓராண்டுக்குள் வேறு தொட்டி தேடவேண்டி வரும்.

தொட்டியும் நீரும்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்ளும். இதனிலும் சிறிய தொட்டியில் நீரின் வெப்பமும் தன்மையும் விரைந்து மாறுவதால் புதியவர்க்கு அது ஏற்றதன்று. சீமெந்துத் தொட்டியாயின், புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு உயிர்களைக் கொல்லும். வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு நீர் நிரப்பி, அந்நீரைச் சில வாரங்கள் பலமுறை மாற்றிய பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

நீரை நிரப்பிய அன்றே உயிர்களை விடுதல் பெரும்பாலோர் செய்யும் பிழை. யூரியா இட்ட மண்ணில் அது அமோனியாவாகி, பின் நைத்திரைற்றாகி, முடிவில் நைத்திரேற்றாக மாறுவதைக் கமக்காரர் அறிவர். அதே பற்றீரியங்களே தொட்டியிலும் வேலை செய்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு, நைத்திரைற்றும் நஞ்சு, நைத்திரேற்று அவற்றினும் மிகக் குறைந்த தீங்குடையது. இப்பற்றீரியங்கள் மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை நீர்ப்பாசியும் செடிகளும் மட்டும் இட்டு, சிறிது மீனிரை தூவி, காற்றூட்டும் பம்பியை இயக்கிக் காத்திருத்தல் வேண்டும். வடிக்குப் பஞ்சு வகையே சிறந்தது. ஏனைய வடிகள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவதால் வன்மையானது. செர்ரி இறாலுக்கு இது குறையன்று, நன்மையே; கோது உருவாவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மலைநாட்டின் மென்னீரிற் கோது கழற்ற இயலாது இறால்கள் இறப்பதுண்டு. அங்கே நன்கு கழுவிய மட்டிச் சிப்பிகள் சிலவற்றைத் தொட்டியில் இட்டால் குறை பெரும்பாலும் நீங்கும். கழற்றிய வெற்றுக் கோதை இறந்த இறாலென எண்ணி அகற்றிவிடாதீர்கள். இறால்களே அதனைத் தின்று சுண்ணாம்பை மீளப் பெறும்.

குடாநாட்டு நீரில் வேறொரு குறையுண்டு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையே இதற்குப் பெருங் காரணம். இத்தகைய நீரோடு, கூரை நன்கு கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரைச் சரிபாதி கலந்து பயன்படுத்தலாம். குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துக் குளோரின் நீங்கிய பின் இடுக. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும், சிறிது சிறிதாக மாற்றுதல் நன்று. மாற்றிய பழைய நீர் மரக்கறிப் பாத்திக்கு நல்ல ஊட்டம்.

வெப்பநிலை 22 முதல் 28 பாகை வரை இருத்தல் விரும்பத்தக்கது. சித்திரை வைகாசியில் வெயில் படும் தொட்டியின் நீர் எளிதில் 32 பாகையைக் கடக்கும். நீர் சூடேறும்போது அதிற் கரைந்துள்ள ஒட்சிசனும் குறையும். ஆதலால் வெயில் படாத நிழலான இடமே தொட்டிக்கு உரியது.

உடன் வாழத்தக்கவை

வாயிற் கொள்ளுமளவு சிறிய எதனையும் மீன் தின்னும். இவ்வொரு விதியை நினைவிற் கொண்டால் தவறு நேராது. தாழ்நிலத்து நீர்நிலைகளில் வாழும் ஹொரதந்தியா என்னும் மிகச் சிறு மீன், மூன்று சதமமீற்றருக்கு மேல் வளராதது. 1943 ஆம் ஆண்டில் தெரணியகல அவர்களால் விவரித்துப் பெயரிடப்பட்ட இது இந்நாட்டுக்கே உரியது. இறாலோடு வாழ இதனிற் சிறந்த துணை அரிது. ஆயின் உள்நாட்டு மீன்கள் சிலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எனவே அவற்றைப் பிடிக்குமுன்னும் விற்குமுன்னும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் பிரதேச உத்தியோகத்தரை வினவுதல் வேண்டும். கப்பி மீனும் பொருந்தும். எனினும் அது இறாற் குஞ்சுகளிற் பலவற்றைத் தின்னும். அடர்ந்த பாசியும், கொட்டங்காய் எனப்படும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளும் குஞ்சுகளுக்கு ஒளிவிடமாகும். திலாப்பியா, சண்டை மீன், நன்னீர் நண்டு, நீண்ட இடுக்கிகளையுடைய ஆற்றிறால் ஆகியவற்றை ஒருபோதும் சேர்க்கலாகாது.

மீனே இல்லாமல் இறாலை மட்டும் வெளியில் திறந்த தொட்டியில் வளர்ப்போர் ஒன்றைக் கருதல் வேண்டும். இறால் நுளம்புக் குடம்பியை வேட்டையாடுவதில்லை. நுளம்பு பெருகும் நீரை வைத்திருத்தல் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். டெங்குவின் கொடுமையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. சிறு மீன்களைச் சேர்த்தலோ, நுண்வலையால் மூடுதலோ இன்றியமையாதது. வலைக்கு இன்னொரு பயனும் உண்டு. வயலிற் பீடைகளை உண்டு நமக்கு உதவும் தும்பி, தொட்டி நீரில் முட்டையிட்டால் அதன் இளவுயிரி இறாற் குஞ்சுகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தின்றுவிடும். ஓரிடத்து நண்பன் மற்றோரிடத்துப் பகைவனாதல் இதுவாம்.

மருந்து தெளிக்கும் வீட்டிற்கு

இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு இறாலின் நரம்பையும் அவ்வாறே தாக்கும். பைரித்திரோயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் ஒரு லீற்றர் நீரில் ஒரு மைக்கிரோகிராமுக்குக் குறைந்த அளவிலேயே இவ்வகை உயிர்களைக் கொல்ல வல்லன. அதே தொட்டியில் மீன் உயிரோடிருக்க இறால் மட்டும் இறந்து கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நுளம்புச் சுருளிலும் இவ்வகை நஞ்சே உள்ளது. தொட்டியுள்ள அறையில் அதனைக் கொளுத்தலாகாது.

செம்பும் அத்தகையதே. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் திராட்சைக்கும் தெளிக்கும் போடோக் கலவையிலும் ஏனைய செம்புப் பங்கசுநாசினிகளிலும் உள்ள செம்பு, நீரிற் சிறிதளவு கரைந்தாலும் இறால் இறக்கும். வெண்புள்ளி நோய்க்கெனக் கடைகளில் விற்கப்படும் மீன் மருந்துகள் சிலவும் செம்பு கலந்தவை. இறாலுள்ள தொட்டியில் அவற்றை இடுதல் ஆகாது.

ஆகவே தெளிகருவியைத் தொட்டவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடை மாற்றிய பின்னரே தொட்டியில் கை வைத்தல் வேண்டும். அன்று அவ்வேலையை வீட்டில் வேறொருவர் செய்வது மேலும் நன்று. மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினும் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது. இறாலுக்கெனத் தனி வாளியும் தனிக் கோப்பையும் வைத்திருங்கள். அயலவர் தெளிக்கும் நாளிலும் தொட்டியை மூடி, பம்பியை வீட்டின் உட்புறத்தில் வையுங்கள். பம்பி உறிஞ்சும் காற்று நேரே நீருக்குட் செல்கின்றது. இரையாக இடும் பூசணி, வெள்ளரி, கீரை ஆகியன மருந்து தெளிக்காத பாத்தியிலிருந்தே எடுக்கப்படல் வேண்டும். செடியின் உட்பரவும் நஞ்சு கழுவினாற் போகாது.

இறால்கள் திடீரெனத் தாறுமாறாய் நீந்திப் பின் பக்கவாட்டில் விழுந்து துடித்தால் நஞ்சு புகுந்ததெனக் கொள்க. தாமதியாது அவற்றை வேறு நல்ல நீருக்கு மாற்றுக. புதுக் கிணற்று நீர் இட்ட பின்னரே இவ்வாறு நேர்ந்ததாயின், கிணற்றடியிற் தெளிகருவி கழுவப்பட்டதா, வெற்று மருந்துப் போத்தல்கள் அயலில் எறியப்பட்டனவா என ஆராய வேண்டும். அக்கிணற்று நீரையே பிள்ளைகளும் குடிக்கின்றனர். இறால் வாழ்கின்றது என்பதனால் மட்டும் நீர் குடிக்கத் தக்கதெனக் கொள்ளல் தவறு; நைத்திரேற்றையும் நோய்க் கிருமியையும் இறால் காட்டிக்கொடாது. குடிநீரை முறைப்படி பரிசோதிப்பித்தலே வழி.

வெளியே விடலாகாது

தொட்டியில் மிகுந்த உயிரை வாய்க்காலில் விடுதல் அருட்செயல் போலத் தோன்றலாம். ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் வழங்கும் களை 1905 ஆம் ஆண்டில் அதன் பூவின் அழகுக்காகவே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1909 இல், அதனை ஒழிக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939 இற் கல்வித் தேவைக்காக வந்து வயலிலும் குளத்திலும் படர்ந்தது. தொட்டி துப்புரவாக்கி என விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனும், கத்தி மீனும் அலங்காரத் தொட்டிகளிலிருந்தே நமது நீர்நிலைகளை அடைந்தன. தைவானில் 1980 ஆம் ஆண்டையொட்டி உணவுக்கென இறக்குமதியான பொன்னிற அப்பிள் நத்தை, பின்னர் பிலிப்பைன், வியற்நாம் முதலிய நாடுகளில் இளம் நாற்றுக்களை அரித்து நெற்செய்கையைப் பெரிதும் பாதித்தது. நெல் விளையும் ஊரில் இந்நத்தையைத் தொட்டியிலும் வைத்தல் ஆகாது. செர்ரி இறாலும் அயல்நாட்டதே. யப்பானிலும் ஜேர்மனியிலும் ஹவாயிலும் அது வெளிநீர்களிற் குடியேறிவிட்டது.

மிகுந்தவற்றை வேறு வளர்ப்போருக்குக் கொடுக்கலாம், அல்லது நகரத்து மீன் கடைகளுக்கு விற்கலாம். ஆயின் வாங்குவோரை முதலிற் கண்டுகொண்டு பின்னர் பெருக்குதல் நன்று. இதனை நெல்லுக்கோ மிளகாய்க்கோ ஈடான வருவாயாக எண்ணித் தொடங்குதல் பொருந்தாது. பெருமளவில் வளர்க்க விரும்புவோர் மேற்கூறிய அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் அறிவுரை பெறலாம். அச்சபை குருநாகல் மாவட்டத்து ரம்படகல்லையில் அலங்கார மீன் இனப்பெருக்க நிலையம் ஒன்றையும் நடத்துகின்றது.