உம்மம்மா கதை சொல்லுவா

சாதாரணதரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கினேன். கிரான் சந்தியில் உள்ள வாப்பாவின் கடையில் இருந்துதான் படிப்பேன். "இது எதுக்கு மகள்?" என்று வாப்பா கேட்டார். பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டாரோடு பேசலாம் என்றேன்.

மேசைக்கு மேசா, பாணுக்குப் பான், சப்பாத்துக்கு ஸப்பாத்தோ. முதல் பாடத்திலேயே பாதி மொழி தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நம்முடைய அந்தச் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்களின் மொழியும் ஸ்பானியமும் லத்தீனில் பிறந்த சகோதரிகள்.

வினைச்சொல்லும் முதலில் பயமுறுத்தவில்லை. ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். தமிழைப் போலவே விகுதியில் ஆள் தெரிவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்லத் தேவையில்லை. தூ என்றால் நீ. உஸ்தெத் என்றால் நீங்கள். 'தங்கள் மேன்மை' என்ற பொருளுடைய பழைய தொடர் சுருங்கியே உஸ்தெத் ஆனது. அதனால் எதிரே இருப்பவரிடம் பேசினாலும் அதற்குப் படர்க்கை வினைதான் வரும்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு அவர்களிடம் இல்லை. ஆனால் பெண்கள் மட்டும் என்றால் நொஸோத்ராஸ். ஓர் ஆண் சேர்ந்தாலே நொஸோத்ரோஸ். நம் கல்லூரி முழுவதும் நொஸோத்ராஸ்தான், வாசலில் நிற்கும் காவலாளி நானாவைச் சேர்க்காதவரை!

நான் வழுக்கி விழுந்தது காலத்தில்தான். மௌத்தான என் உம்மம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். மழைக்காலத்தில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய, தோணியில் கடந்த கதையை அவ இரவில் சொல்லுவா. 'சொல்லுவா' எதிர்காலம்தானே என்று கொன்தாரா என எழுதிவிட்டேன். திருத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது: உம்மம்மா இனிமேல்தான் கதை சொல்லப்போகிறா என்று எழுதியிருக்கிறேன். கொஞ்ச நேரம் அந்த வரியை அழிக்க மனம் வரவில்லை.

தமிழில் முன்பு வழக்கமாக நடந்ததையும் எதிர்கால வடிவத்தால் சொல்கிறோம். ஸ்பானியத்தில் அதற்கென்றே ஓர் இறந்தகாலம் உண்டு. கொன்தோ என்றால் ஒரு தடவை சொன்னா, அந்த விடயம் முடிந்தது. கொன்தாபா என்றால் வழக்கமாகச் சொல்லுவா. வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கும் இந்த இரண்டாவது வடிவம்தான். அப்போது பஸ் நின்றது என்பதற்கு முதல் வடிவம்.

ஒரு சிக்கல்: கொன்தாபா என்பது நானுக்கும் அவவுக்கும் பொது. விகுதி ஆளைக் காட்டாது. ஆகவே குழப்பம் வரும் இடத்தில் 'எய்யா', அதாவது அவ, என்று சேர்த்து எழுதவேண்டும். சேர்த்து எழுதினேன்.

இப்போது அந்தத் தோணிக் கதையைத் தம்பிக்கு நான் சொல்கிறேன். 'சொல்கிறேன்' என்பதற்கு ஸ்பானியத்தில் குவென்தோ. கதைக்கும் அதே சொல்தான். நாமும் கதையைத்தானே கதைக்கிறோம்.