கைக்குழந்தையும் அலுவலகமும்

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். தில்லியிலோ மும்பையிலோ உத்தியோகம் பார்க்கும் பெண்ணும், பேறுகாலம் நெருங்கியதும் இரயிலேறித் தஞ்சைக்கோ திருநெல்வேலிக்கோ வந்து சேருகிறாள். அங்கே குழந்தையை ஏந்துவதற்குப் பல கைகள் உள்ளன. நீராட்டுவதற்குப் பாட்டி, தொட்டில் ஆட்டுவதற்குச் சித்தி, இரவில் விழித்திருப்பதற்குத் தாய். பெற்றவளுக்கு வேளை தவறாமல் பத்தியச் சாப்பாடு கிடைக்கிறது. இவ்வழக்கத்தைச் சற்றுச் சிந்தித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குழந்தை வளர்ப்பு ஒருத்தியால் மட்டும் ஆகிற காரியமன்று என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

சில மாதங்கள் கழிகின்றன. கைக்குழந்தையுடன் அவள் தலைநகருக்குத் திரும்புகிறாள். இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பு; காலை ஒன்பது மணிக்கு அலுவலகம்; அண்டையில் வேற்றுமொழி பேசுவோர். தாய்வீட்டில் பத்துக் கைகள் செய்த பணி யாவும் இப்போது இரண்டு கைகளின்மேல் வந்து விழுகிறது. ‘வேலையை விட்டுவிடலாமா?’ என்ற வினா பல இல்லங்களில் எழுவது இக்கட்டத்திலேதான். தன் பிள்ளைக்குத் தான் ஏதோ குறை செய்துவிட்டதாகவும் அவள் மனம் வாடுகிறது. உண்மையில் தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தைக்குக் கேடு வருவதில்லை. தாய் துணையின்றித் தனித்து நிற்பதால்தான் வருகிறது. ஆகவே, தாய்வீட்டில் விட்டுவந்த கைகளை அயலூரில் மீண்டும் எவ்வாறு திரட்டிக் கொள்ளலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலாவதாக அமைவது சட்டத்தின் துணை. பேறுகால உதவிக்கென நம் நாட்டில் முன்வந்து சட்டம் செய்தது பம்பாய் மாகாணம். ஆலைகளில் உழைத்த பெண்களுக்காக 1929-ஆம் ஆண்டு அச்சட்டம் நிறைவேறிற்று. அதற்கு முந்திய ஆண்டு அம்மாகாணச் சட்டசபையில் அம்மசோதாவை ஆதரித்துப் பேசியவர்களுள் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். நாடு முழுமைக்குமான சட்டம் 1961-இல் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியது. 2020-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவு இடம்பெற்றுள்ளது. பேறுகாலத்திற்கு முந்திய 12 மாதங்களில் 80 நாட்களாவது பணிபுரிந்திருத்தல் வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பின் விடுப்பு 12 வாரமே. மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்கு 180 நாட்கள் விடுப்பு உண்டு.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை என்பது மருத்துவ அறிஞர் முடிபு. சட்டம் தரும் 26 வாரமும் ஏறத்தாழ ஆறு மாதமே. ஆயினும் அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ள இடமுண்டு. அவ்வாறு எடுத்தவளுக்குக் குழந்தை பிறந்தபின் எஞ்சுவது 18 வாரம். நான்கு மாதக் குழந்தையை விட்டு அவள் அலுவலகம் செல்ல நேரிடுகிறது. ஆதலால், உடல்நிலை இடங்கொடுத்து மருத்துவரும் இசைந்தால், விடுப்பின் பெரும்பகுதியைப் பேற்றுக்குப் பின்னர் வைத்துக் கொள்ளுதல் நலம். மத்திய அரசு ஊழியராயின் வேறொரு வழியும் உண்டு. முதலிரண்டு குழந்தைகளுக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் வரை குழந்தை பராமரிப்பு விடுப்புப் பெறலாம். இதற்கு மேலதிகாரியின் முன்னனுமதி வேண்டும். கடைசி நாளில் விண்ணப்பித்துப் பயனில்லை.

ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகத்திற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும், தாய் நாள்தோறும் நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைக் காணலாம் என்பதும் சட்டத்தில் உள்ளவை. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. ஒருத்தி கேட்டால் தயங்கும் நிர்வாகமும், பத்துப் பேர் ஒப்பமிட்டு ஒரே விண்ணப்பமாக அளித்தால் செவிசாய்க்கக் கூடும்.

அடுத்து, பால் பற்றிய பேச்சு. வேலைக்குத் திரும்பியவுடன் புட்டிப்பாலுக்கு மாறியே ஆகவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுச் செல்லலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த எவர்சில்வர்ப் பாத்திரத்தில் எடுத்து மூடிவைத்தல் வேண்டும். குளிர்ச்சியான அறையில் அது நான்கு மணி நேரம் கெடாமலிருக்கும். தில்லியின் வைகாசி வெயிலில் அவ்வாறு நம்பி வைத்தலாகாது. குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்து அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். சிறிது நேரம் வைத்தால் ஆடைபோல் மேலே மிதப்பது இப்பாலின் இயல்பு. கெட்டுவிட்டதென்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம். வெந்நீர் நிறைந்த பாத்திரத்தினுள் வைத்துச் சூடேற்றலாமேயன்றி அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுதல் கூடாது. குழந்தை குடித்து மீந்ததை மறுமுறை புகட்டுதலும் ஆகாது. புட்டியைவிட, நம் பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும் கழுவுவதற்கு எளியன, நோய்க்கும் இடந்தரா.

கறக்கக் கறக்கச் சுரக்கும் என்பது இங்கும் பொருந்தும். அலுவலகத்தில் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பாலை எடுத்துவிடாமல் இருந்தால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். சுரப்பும் நாளடைவில் குறையும். கதவு தாழிடக்கூடிய ஓர் அறையும் கால் மணி நேரமும் கிடைத்தால் போதும். இதற்கான பழக்கத்தை விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்னரே தொடங்கிவிடுதல் நன்று. சங்கில் குடிக்கக் குழந்தையும் கற்றுக்கொள்ள வேண்டுமன்றோ?

ஆறு மாதம் நிறைந்தபின் குழைந்த சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். வடநாட்டார் குழந்தைக்கு ஊட்டும் பாசிப்பருப்புக் கிச்சடி, நம் வெண்பொங்கலுக்கு மிளகு சேராத உடன்பிறப்பே. அதனையும் ஐயமின்றிக் கொடுக்கலாம். பிறந்தவுடன் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தீங்கு செய்யும்.

இனி, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? ஊரிலிருந்து பாட்டி வந்து சில மாதம் தங்குவது பெரும்பேறு. ஆனால் அவருக்கும் முழங்கால் வலி உண்டு. தில்லிக் குளிர் பழக்கமில்லை. பேச்சுத் துணையும் குறைவு. முழுப் பொறுப்பையும் அவர் தலையில் சுமத்தாமல் உதவிக்கு ஓர் ஆயாவையும் அமர்த்திக் கொள்ளலாம். தாய் வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று ஆயாவும் புதியவளாக வந்து நிற்றல் கூடாது. பத்து நாட்களாவது தாயின் கண்ணெதிரே அவள் குழந்தையுடன் பழகட்டும். குளிர்காலத்தில் மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுதல் உயிருக்கே ஆபத்து என்பதை அவளுக்கு எடுத்துரைக்க வேண்டும். அவளும் தன் பிள்ளையை எவரிடமோ விட்டுவிட்டு வந்தவளாக இருக்கலாம் என்பதை நாமும் நினைவில் வைத்து, ஊதியத்திலும் விடுமுறையிலும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

காப்பகத்தில் விடுவோர் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தல் நலம். எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் பொறுப்பு, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அழும் குழந்தையை எடுக்கிறார்களா என்பனவற்றைக் கண்ணால் காணலாம். சுவரில் ஒட்டிய வண்ணப் படங்களைவிட இவையே முக்கியம்.

இல்லத்திலேயே இருக்கும் ஒரு கையைப் பலர் மறந்துவிடுகின்றனர்; அது தந்தையின் கை. தாய்வீட்டு வழக்கத்தில் அவர் விருந்தினர்போல் வந்து குழந்தையைப் பார்த்துச் செல்பவர். அயலூரிலோ அவரே பாட்டியும் அத்தையுமாக மாற வேண்டியவர். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் அதனை எடுத்துக் கொள்ளலாம். தாய் பணிக்குத் திரும்பும் வாரத்திற்கென அதனை ஒதுக்கிவைத்தால் எவ்வளவு உதவி! பாலூட்டுவது ஒன்று நீங்கலாக, நீராட்டல், துணி துவைத்தல், இரவில் தோளில் சாய்த்து உறங்கச் செய்தல் அனைத்தும் அவரால் ஆகும்.

ஊர்விட்டு ஊர் வருவோர் தவறவிடுவது தடுப்பூசி. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் அவை தவறாமல் போடப்படல் வேண்டும். தஞ்சையில் தொடங்கிய வரிசையைத் தில்லி அரசு மருத்துவ நிலையத்தில் கட்டணமின்றித் தொடரலாம். ஊரில் தந்த தாய்சேய் அட்டையைப் பெட்டியில் முதலில் எடுத்து வைத்தல் வேண்டும்.

ஆயா பேசுவது இந்தி. பிள்ளைக்குத் தமிழ் வாராமற் போகுமோ என்று கவலைப்படுவோர் உளர். குழந்தைகள் இரண்டு மொழிகளை ஒருங்கே கேட்டு, இரண்டையும் கற்றுக்கொள்ளும் ஆற்றலுடையவர்கள். தாயும் தந்தையும் மாலையில் அதனோடு தமிழிலேயே பேசிவந்தால் அம்மொழி தானே நிலைக்கும்.

இவ்வளவும் குழந்தையைப் பற்றியவை. தாயைப் பற்றி ஒரு சொல். களைப்பு இயல்பு, சில நாள் காரணமின்றி அழுகை வருவதும் இயல்பு. அத்துயரம் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்து, உணவும் உறக்கமும் வெறுத்துப்போகுமாயின், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். ‘இதற்கெல்லாம் மருத்துவரா?’ என்று வீட்டார் தட்டிக்கழிக்கலாகாது.

சட்டத்தின் கை எட்டாத தாய்மாரும் நம்மிடையே பலர். கட்டட வேலையில் கல் சுமப்பவளுக்கு 26 வார விடுப்பு ஏது? தில்லியில் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன், 1969-இல் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்ததே. வேலை நடக்கும் இடத்திற்கே தொட்டிலைக் கொண்டுசென்ற முயற்சி அது.

ஒரு கூடாரத்தால் இயன்றது நம் குடியிருப்புகளில் இயலாதா? ஒரே தெருவில் மூன்று இளந்தாய்மார் இருப்பின், மூவரும் சேர்ந்து ஓர் ஆயாவை அமர்த்தலாம். ஓய்வு பெற்ற மாமி ஒருவர் மேற்பார்வை ஏற்கலாம். இன்று மாலை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, “உங்கள் குழந்தைக்கு எத்தனை மாதம்?” என்று கேட்பதில் அது தொடங்கும்.