உங்களுக்குத் தெரியுமா? ஆளில்லாத் தீவில் விமானம் இல்லை, விதி உண்டு!

தென் பசிபிக்கில், குக் தீவுகளைச் சேர்ந்த சுவாரோ பவளத்தீவுக்கு விமானம் கிடையாது. பாய்மரப் படகுக்காரர்களே முக்கிய விருந்தாளிகள். 1814-இல் ரஷ்யாவின் சுவோரோவ் கப்பல் இதைக் கண்டதால் வந்த பெயர் இது.

நியூசிலாந்துக்காரர் டாம் நீல் 1952 முதல் 1977 வரை, விட்டுவிட்டு மூன்று முறை இங்கே தனியாகக் குடியிருந்தார். 1954-இல் நங்கூரத்தை எறியும்போது முதுகு பிடித்துக்கொள்ள, அசையக்கூட முடியாமல் கிடந்தார். தற்செயலாக வந்த பாய்மரப் படகுதான் அவரைக் காப்பாற்றியது. தனிமை விரும்பிக்கும் அக்கம்பக்கம் வேண்டியிருக்கிறது!

1978-இல் தேசியப் பூங்காவான பிறகு, புயல் இல்லாத மாதங்களில் காவலர்கள் வந்து தங்குகிறார்கள். படகு நிறுத்த ‘ஆங்கரேஜ்’ தீவின் ஓரம் மட்டுமே அனுமதி.

தண்ணீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அடியில் பவளப் பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும். காற்று திசை மாறினால் நங்கூரச் சங்கிலி அவற்றில் சுற்றிக்கொள்ளும், பவளமும் உடையும். அதனால் அனுபவசாலிகள் சங்கிலியில் ஆங்காங்கே மிதவைகளைக் கட்டி, தரையில் உரசாமல் தூக்கி நிறுத்துகிறார்கள். சாப்பாட்டு மிச்சத்தை மட்டும் கடலில் கொட்டிவிடாதீர்கள்: சுறாக்கள் வந்துவிடும்.