வயிற்று வலியும் முகப்பரு மாத்திரையும்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். நள்ளிரவில் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் மேல்வயிற்று வலியால் துடித்துக்கொண்டிருந்தான். வலி முதுகுவரை பாய்ந்தது, வாந்தியும் நிற்கவில்லை. மாலை முதலே அன்னை ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் கொடுத்துப் பார்த்திருந்தார். ஜீப்பில் அவனை ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்தை அடைந்தோம்.

"மாத்திரை ஏதேனும் உட்கொள்கிறாயா?" என்று மருத்துவர் வினவினார். அவன் தாயை நோக்கினான். பின்னர் தலை கவிழ்ந்தான். முகப்பருவிற்காக உறவினன் ஒருவன் வாங்கி மீந்துபோன மாத்திரைகளைச் சில வாரங்களாக ஒளித்து உட்கொண்டு வந்தானாம். இரத்தப் பரிசோதனை கணைய அழற்சியைக் காட்டியது.

அம்மருந்தின் பெயர் ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ இனத்தைச் சார்ந்தது. வேறு மருந்துகளுக்கு இணங்காத கடுமையான பருக்களுடைய 14 பேருக்கு இதனை அளித்ததில், 13 பேருக்குப் பருக்கள் முற்றிலும் மறைந்தன என்று அமெரிக்க மருத்துவர் கேரி பெக்கும் அவர்தம் குழுவினரும் 1979இல் அறிவித்தனர். 1982இல் அந்நாட்டு அரசு இதற்கு அனுமதி வழங்கியது. முகத்தில் ஆறாத வடுக்களை உண்டாக்கும் கொடிய பருக்களுக்கு இது அரிய மருந்து என்பதில் ஐயமில்லை.

எனினும் வயிற்றைப் பொறுத்தவரை இரு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, இம்மருந்து இரத்தத்தில் டிரைகிளிசரைடு எனும் கொழுப்பை உயர்த்தக்கூடும். அது மிகுதியாக ஏறினால் கணையம் அழற்சியுறலாம். இது அரிதே, ஆயினும் உயிருக்கே உலை வைக்க வல்லது. இதனாலேயே மருத்துவர் தொடங்குமுன்னும் இடையிலும் இரத்தத்தைச் சோதிக்கிறார். மீந்த மாத்திரையை எடுத்து விழுங்குவோர்க்கு இக்காவல் இல்லை.

இரண்டாவது, குடல் அழற்சி நோய். இம்மருந்தை உட்கொண்ட சிலருக்கு அந்நோய் கண்டதாக அமெரிக்காவில் பல வழக்குகள் தொடரப்பட்டன. ரோஷ் நிறுவனம் 2009இல் தனது 'அக்குட்டேன்' மாத்திரையை அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. வழக்குச் செலவும் அதற்கொரு காரணம். பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் மருந்துக்கும் அந்நோய்க்கும் உறுதியான தொடர்பு காணப்படவில்லை. ஆகவே வீண் அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா. கடும் வயிற்று வலி, மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை நாடவேண்டும் என்பதே மருந்துக் குறிப்பு கூறும் விதி.

மற்றொன்றையும் பெற்றோர் அறிதல் நன்று. கருவுற்ற பெண்ணின் குழந்தைக்கு இம்மருந்து பெருங்கேடு விளைக்கும். எனவே உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம்வரையிலும் கருத்தரித்தல் ஆகாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை மற்றொருவருக்குத் தருதல் எவ்வகையிலும் தகாது. வைட்டமின் ஏ மாத்திரைகளையும் இதனுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது.

மலைவாழ் குடும்பங்களுக்கும், விடுதிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்போர்க்கும் நாம் தனியே ஒன்று கூற விழைகிறோம். மருத்துவமனை தொலைவில் இருப்பதால் "விடியட்டும்" என்று காத்திருப்பது நமது வழக்கம். இம்மருந்தை உண்பவரின் வயிற்று வலி விடியும்வரை காத்திராது. பிள்ளை உண்ணும் மாத்திரையின் பெயர் வீட்டாருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அவ்விளைஞன் நலம் பெற்று வீடு திரும்பினான். மலை ஏறுகையில் அவன் அன்னை நம்மிடம், "அவன் முகத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம், சாமி. அதனால்தான் எங்களிடம் சொல்லவில்லை" என்றார். அன்பர்களே, பருவைக் கண்டு நகைக்கும் இல்லத்தில் பிள்ளை மருந்தையும் மறைப்பான், வலியையும் மறைப்பான். அவன் மறைக்காதிருக்கும் இல்லமாக நம் இல்லம் இருக்கட்டும்.