கண்ணாடி டப்பாவில் ஒரு கூட்டுக் குடும்பம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து சென்ட்ரல் லோக்கலைப் பிடிக்க ஓடும் நண்பரே, ஒரு நிமிஷம்! உங்களுக்குக் கிழக்கே, பழவேற்காட்டைத் தாண்டினால் கடல். அங்கே லீவு, போனஸ், யூனியன் எதுவும் இல்லாமல் உழைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. டையாட்டம் என்கிற பாசிக் கூட்டம். வெயிலைத் தின்று ஆக்ஸிஜனைத் துப்பும். பூமியில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் கைங்கரியம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

அதில் ஒரு பேரினத்தின் பெயர், ஸ்கெலிட்டோனீமா. ஏதோ ரஷ்ய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மாதிரி இல்லை?

ஆசாமி ஒற்றைச் செல்தான். சுற்றிலும் சிலிக்காவால் ஆன ஓடு. அதாவது, கண்ணாடி! உருண்டை டிபன் பாக்ஸ் மாதிரி மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. உள்ளே பொன்பழுப்பு நிறத்தில் பசுங்கணிகம். மூடி விளிம்பில் வட்டமாகக் குட்டிக் குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பக்கத்து வீட்டுக்காரர் குழாய்களோடு கோத்துக்கொள்ள, வரிசையாக ஒரு சங்கிலி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். பல செல்களின் அகலம் பத்து மைக்ரானைக்கூடத் தொடாது.

செல் இரண்டாகும்போது நடக்கிற பாகப்பிரிவினைதான் வேடிக்கை. ஆளுக்கு ஒரு பாதி டப்பா. இரண்டு பேருமே கிடைத்ததை மேல்மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற கீழ்மூடியைப் புதிதாகச் செய்துகொள்வார்கள். ஒரு பிள்ளை அப்பா சைஸ். இன்னொரு பிள்ளை சற்றே சின்னது. தலைமுறை போகப் போக குடும்பத்தின் சராசரி சைஸ் இளைக்கும். ரொம்ப இளைத்துவிட்டால்? கல்யாணம்தான்! ஆண், பெண் அணுக்கள் சேர்ந்து மறுபடி பெரிய சைஸ் செல் பிறக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். அடியேன் பி.காம்.

1866-ல் கிரெவில் என்ற ஆங்கிலேயர், ஹாங்காங் துறைமுகத்தில் எடுத்த மாதிரியைப் பார்த்து இதில் ஒரு சிற்றினத்துக்கு 'மெலோசிரா காஸ்டேட்டா' என்று பெயரிட்டார். 1873-ல் கிளீவ் என்ற ஸ்வீடன்காரர் அதை வேறு செக்ஷனுக்கு டிரான்ஸ்ஃபர் செய்தார்: 'ஸ்கெலிட்டோனீமா காஸ்டேட்டம்'. அவ்வளவுதான்! அதன்பின் உலகத்தில் எந்தக் கடலில் இதே சாயலில் சங்கிலி கிடைத்தாலும், பெரும்பாலும் 'காஸ்டேட்டம்' தலைப்பிலேயே பற்று எழுதினார்கள். நம் ஆபீஸ் 'இதரச் செலவு' மாதிரி.

ஆடிட் வந்தது 2005-ல். கிரெவிலின் பழைய மாதிரியையே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். குழாய் முழுசாக மூடியிருக்கிறதா, பக்கவாட்டில் திறந்திருக்கிறதா? ஒன்றோடு ஒன்று சேர்கிறதா, இரண்டோடு சேர்கிறதா? எல்லாம் பார்த்தால், அந்த ஒரே மாதிரியில் இரண்டு சிற்றினங்கள்! புதியதற்கு 'கிரெவில்லியை' என்று அவர் பெயரையே வைத்தார்கள். மற்ற கடல்களின் 'காஸ்டேட்டம்' கணக்கிலிருந்தும் தனித்தனி சிற்றினங்கள் வெளியே வந்தன.

'பேர் எதுவானால் என்ன சார்?' என்பீர்கள். மீனுக்கு இரையாகும் குட்டிப் பிராணி கோபிபாட். இந்தப் பாசியைத் தின்றால் அதன் வாரிசுகள் பிழைப்பது குறைகிறது என்று 2004-ல் இத்தாலிப் பக்கத்துக் கடலாய்வு சொன்னது. குற்றவாளியாக எழுதப்பட்ட பெயர் காஸ்டேட்டம். பிற்பாடு பார்த்தால் அது 'மரினோயி'! பேர் தப்பினால் பழி வேறு ஆள்மேல்.

இறால் பொரிப்பகங்களிலும் இதே பேரினத்தைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். குஞ்சு முதலில் தன் கருவுணவிலேயே காலம் தள்ளும். அடுத்த பருவத்தில் வாய் திறந்ததும் டையாட்டம்தான் சாப்பாடு. தவறான பாசி போனால் குஞ்சும் காலி, முதலும் காலி.

நம் கடலுக்கும் பேரேடு எழுதிய புண்ணியவான் உண்டு. எம்.ஓ.பி. ஐயங்காரோடு பாசி ஆராய்ந்த ஆர். சுப்பிரமணியன், 1946-லேயே சென்னைக் கரையோர டையாட்டங்களை வகைப்படுத்தி விரிவாக எழுதிவைத்தார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வசதியில்லாமல்!

நாளைக்கு மானேஜர், ''எதுக்குப்பா வம்பு, இதரச் செலவுல போட்டுடு'' என்றால் பணிவாகச் சொல்லுங்கள்: ''சார், இப்படித்தான் ஒரு பாசியை ஒரே தலைப்புல போட்டு, சரிபண்ண நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!''

இன்க்ரிமென்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.