இரும்புத் தொப்பிகளின் ஜாதகம்

பழைய ராணுவ ஹெல்மெட் சேர்ப்பவர்களுக்கு வடகிழக்கு மாநிலங்களின் மண் ஒரு பொக்கிஷம். ஆனால் எடுத்த இடம் மறந்துபோனால் கையில் மிஞ்சுவது காயலான் கடைச் சரக்கு.

மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இரண்டாம் உலகப் போரின் மிச்சங்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன்பு அடுப்படிக்குப் போயின. காலி குண்டு உறை தேவாலய மணியானது. பெட்ரோல் பீப்பாயைத் தட்டி நிமிர்த்தினால் கூரைத் தகடு. சிப்பாய் விட்டுப்போன இரும்புத் தொப்பியை மல்லாத்தி வைத்தால் கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம், பன்றிக்குத் தீவனம் கலக்கலாம். சண்டையில் வீடு வாசல் இழந்த கிராமங்களுக்கு அது வரலாற்றுச் சின்னமாகவா தெரியும்? காசில்லாமல் கிடைத்த பாத்திரம், அவ்வளவுதான்.

ஊர்தோறும் இதே கதைதான். போரில் தோற்ற ஜெர்மனியில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. மலைமலையாகக் குவிந்த ஹெல்மெட்டுகளில் துளை போட்டு, பிடி வைத்து, சமையலறை வடிதட்டாக்கி விற்றார்கள். நீளமான கம்பு செருகியவை சாணிக்குழியில் முகந்து ஊற்றும் அகப்பையாயின. ஜப்பானில் கைப்பிடி வைத்துச் சட்டியாக்கினார்கள். அந்த வடிதட்டையும் சட்டியையுமே இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பளபளக்கும் முழு ஹெல்மெட்டைவிட அதற்கு ஜாதகம் சுத்தம். யாரும் போலி வடிதட்டு செய்யச் சிரமப்படுவதில்லை.

இத்தனைக்கும் நவீன இரும்புத் தொப்பிக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1914ல் போருக்குப் போன பிரெஞ்சுக்காரன் தலையில் துணித்தொப்பி, ஜெர்மானியன் தலையில் உச்சியில் ஈட்டிமுனை வைத்த தோல் தொப்பி, இந்தியச் சிப்பாய் தலையில் தலைப்பாகை. பதுங்குகுழியில் உட்கார்ந்தவர்கள் மீது வானத்திலிருந்து பீரங்கிக் குண்டின் சில்லுகள் பொழிந்த பிறகே தளபதிகளுக்குப் புத்தி வந்தது. 1915ல் பிரான்சில் அட்ரியன் என்ற அதிகாரியின் பெயரில் ஒரு ரகம். அதே ஆண்டு பிரிட்டனில் ஜான் பிராடி பதிவு செய்த, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது போன்ற ஒன்று. 1916ல் ஜெர்மனியில் பேராசிரியர் ஷ்வெர்ட் வடிவமைத்த, காதையும் பிடரியையும் மூடும் 'ஷ்டால்ஹெல்ம்'. இவற்றில் எதுவும் துப்பாக்கிக் குண்டை நேருக்கு நேர் தடுக்கச் செய்ததல்ல, சில்லுகளுக்காகத்தான். சினிமாவில் காட்டுவதை நம்ப வேண்டாம்.

சேகரிப்பாளர் கையில் ஒரு ஹெல்மெட் வந்ததும் முதலில் நடப்பது அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். வெளிப்பக்கம் பொய் சொல்லும், உள்பக்கம் அவ்வளவாகச் சொல்லாது. ஜெர்மன் ரகமானால் உள்விளிம்பில் ஆலையின் எழுத்தும் அளவும் பொறித்திருக்கும். 'ஈ.டி. 64' என்றால் தாலே நகர் ஆலை, 64ஆம் அளவு. அமெரிக்க 'எம்-1' ரகத்தில் விளிம்புப் பட்டையின் மூட்டைப் பார்க்க வேண்டும். 1944 பிற்பகுதி வரை அது நெற்றிப் பக்கம் இருந்தது, பிறகு பின்பக்கம் போனது. போர்ப்படம் ஓடும் தியேட்டரில் கதாநாயகன் செத்துக்கொண்டிருக்கும்போது அவன் தொப்பியின் மூட்டு எங்கே என்று பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டத்தார்.

இம்பால், கோஹிமா மண்ணில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே ஜாதி. ஒன்று, பிராடியின் வாரிசான பிரிட்டிஷ் 'மார்க் 2'. இன்னொன்று, ஜப்பானிய 'தொண்ணூறாம் ரகம்'. அவர்களுடைய பேரரசு ஆண்டுக் கணக்கில் 1930 என்பது 2590. அதன் கடைசி இரண்டு எண்களே பெயர். நெற்றியில் நட்சத்திரம் இருந்தால் தரைப்படை, நங்கூரம் இருந்தால் கடற்படை. மோவாயில் தோல் வார் கிடையாது. பழைய சாமுராய்கள் கவசத்தைக் கட்டியதுபோல நீளமான பருத்தி நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். எண்பது மழைக்காலம் மண்ணில் கிடந்ததில் நாடாவும் உள்தோலும் மக்கி, தகடு மட்டுமே மிஞ்சியிருக்கும். கோஹிமாவில் எடுத்தது என்று சொல்லி உள்தோல் கெடாத ஒன்றை ஒருவர் நீட்டினால், அது எந்தக் கூரைக்கடியில் இத்தனை காலம் இருந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

காலக்கணக்கும் உதவும். ஆமை ஓடு போன்ற பிரிட்டிஷ் 'மார்க் 3' முதன்முதலாகப் போருக்குப் போனது 1944 ஜூனில், நார்மண்டிக் கரையில். கோஹிமா முற்றுகை அந்த ஏப்ரலில். எனவே 'கோஹிமா முற்றுகையின் மார்க் 3' என்பது சுத்தப் புளுகு. 'சீக்கிய வீரர் அணிந்த ஹெல்மெட்' என்றாலும் புருவத்தை உயர்த்தலாம். இரண்டு உலகப் போர்களிலும் சீக்கியர்கள் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையோடுதான் சண்டையிட்டார்கள்.

போலி விவகாரத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. டேராடூன் பக்கத்துப் பட்டறைகள் வாள், கவசம், ஈட்டிமுனைத் தொப்பி எல்லாவற்றையும் நகல் செய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகின்றன. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நகல் என்று சொல்லியே விற்கும் நேர்மையான தொழில் அது. கோளாறு வழியில் நடக்கிறது. இடைத்தரகன் ஒருவன் அதை உப்புநீரில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து எடுத்தால் 'பாட்டனாரின் பரணில் கிடந்தது' தயார். சாதாரண ஜெர்மன் தொப்பியில் எஸ்.எஸ். படையின் முத்திரையை ஒட்டினால் விலை பல மடங்கு. அசல் இரும்பு, போலி முத்திரை. அனுபவசாலிகளே ஏமாறுவது இங்கேதான்.

அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கைத் தனியாளாகச் செய்ய முடிவதில்லை. ஒருவரின் பொருளை இன்னும் நாலு பேர் கையில் வாங்கி, எடை பார்த்து, வாசனை பிடித்து, சண்டை போட்டால்தான் உண்மை தெரியும். அலமாரியில் பூட்டி வைத்தவரைவிட, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறவரின் சேகரிப்பே நம்பகமானது. புதிதாக வருபவருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லித் தருவதும் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான்: துருவைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதே, அமிலத்தில் போடாதே, புதுப் பெயின்ட் அடிக்காதே. குண்டு துளைத்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, பச்சை பூசி, வரவேற்பறையில் மாட்டி வைக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டை ஒரு மனிதனின் சாவாக இருக்கலாம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

மணிப்பூரில் இதை வேறு விதமாகச் செய்தவர்கள் உண்டு. இம்பாலைச் சேர்ந்த ஆர்வலர்கள் சிலர் உலோகம் காட்டும் கருவியோடு பழைய போர்முனைகளில் அலைந்தார்கள். பல ஆண்டுகள். வெடிக்காத குண்டு எந்நேரமும் கையில் தட்டுப்படக்கூடிய வேலை. அவர்கள் சேர்த்தவற்றின் பலன், 2019 ஜூனில் இம்பாலுக்குத் தெற்கே 'செங்குன்று' என்ற போர்க்களத்தின் அடிவாரத்தில் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகத்தில் தெரிகிறது. ஜப்பானியர் உதவியோடு எழுந்தது அது. 1944 மார்ச்சில் எல்லை தாண்டிய சுமார் 85,000 ஜப்பானியப் படையினரில் 30,000 பேர் திரும்பவில்லை என்பது பொதுவான கணக்கு. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். எதிர்த்தரப்புக்குக் கோஹிமா மயானத்தில் மட்டும் 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனியே. ஒரு தொப்பி எந்தச் சரிவில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வைத்திருந்தால், எந்தப் படைப்பிரிவு அங்கே நின்றது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எழுதாமல் டெல்லிக்கோ மும்பைச் சோர் பஜாருக்கோ போய்விட்டால், அது யாருடையது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கூடவே போகிறது.

சட்டம் கைகொடுக்குமா? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள ஒரு பொருளுக்கு நூறு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதன் பிறகு தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். முதல் உலகப் போரின் பிராடி தொப்பிகள் இந்த வயதை எட்டிவிட்டன. கோஹிமாத் தொப்பிகள் தொல்பொருளாவதற்கு, அவை செய்யப்பட்டு நூறு ஆண்டு நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை மண்ணுக்கும் பொறுமை வேண்டும், மனிதர்களுக்கும். 2023 மே மாதம் மணிப்பூரில் இன மோதல் வெடித்த பிறகு பள்ளத்தாக்கில் இருப்பவர் குன்றுக்குப் போவதும், குன்றில் இருப்பவர் பள்ளத்தாக்குக்கு வருவதும் பெரும்பாடாகிவிட்டது. போர்முனைகளோ இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கின்றன. 1944ல் பத்து வயதுச் சிறுவனாகத் தொப்பி பொறுக்கியவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். எந்த மரத்தடியில் எடுத்தோம் என்று சொல்ல இன்னும் சில பேர் இருக்கக்கூடும்.